200 லூமனில் எத்தனை அங்குலம்?

"9,000 லூமன் வெளிச்சம், 4கே, 200 அங்குலத் திரை, விலை ஏழாயிரம் ரூபாய்தான்." இணையக் கடைகளில் சின்ன ஸ்மார்ட் ப்ரொஜெக்டர்கள் இப்படித்தான் விற்பனைக்கு வருகின்றன. இந்த வரியில் உண்மை எவ்வளவு என்று தெரிந்துகொள்ள நிபுணர் யாரும் வேண்டாம். உங்கள் ஹாலில் எரிகிற 20 வாட் எல்இடி டியூப் லைட்டின் அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்துப் பாருங்கள். 2,000 லூமன் அல்லது அதை ஒட்டிய எண் அதில் அச்சாகியிருக்கும். விளம்பரம் உண்மை என்றால், ஒரு கையில் தூக்கிவிடக்கூடிய அந்தப் பெட்டி நாலரை டியூப் லைட்டின் வெளிச்சத்தை ஒரே சுவரில் கொட்டியாக வேண்டும். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு மத்தியானம் படம் பார்க்க முடிய வேண்டும். அப்படிப் பார்க்கிற வீடு எதுவும் கிடையாது.

இந்த விலையில் கிடைக்கிற ப்ரொஜெக்டர்களில் நேர்மையாக எண்ணைப் போடுகிறவை 150, 200, 300 'ஆன்சி லூமன்' என்றுதான் போடுகின்றன. 9,000-க்குப் பக்கத்தில் 200 என்பது சொற்பமாகத் தெரியும். ஆனால் அந்த 200 உண்மையான 200 ஆக இருந்தால், அதை வைத்து நல்ல சினிமா பார்க்கலாம். சுவரில் எவ்வளவு இடத்தில் அதை விரிக்கிறோம், அறையில் வேறு என்ன விளக்கு எரிகிறது என்ற இரண்டும்தான் முடிவு செய்கின்றன. வாங்கிய ஒரு மாதத்தில் ப்ரொஜெக்டரைப் பரணில் ஏற்றிவிடுகிற வீடுகள் பெரும்பாலும் இந்த இரண்டையும் யோசிக்காமல் வாங்கியவைதான்.

அந்த 9,000 எங்கிருந்து வந்தது?

முழுக்க வானத்திலிருந்து பிடித்த எண் என்று சொல்லிவிட முடியாது, சில பெட்டிகளில் அதுவும் உண்டு என்றாலும். மலிவான ப்ரொஜெக்டர்களுக்குள் இருப்பது ஒரு வெள்ளை எல்இடி விளக்கும், அதற்கு முன்னால் கைப்பேசித் திரை போன்ற ஒற்றை எல்சிடி பலகையும்தான். அந்தப் பலகையின் இரு பக்கமும் போலரைசர் தாள் ஒட்டியிருக்கும். உள்ளே ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிற வடிகட்டிகள் உண்டு. போலரைசரிலேயே பாதிக்கு மேல் வெளிச்சம் போய்விடும். மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிற வடிகட்டி தின்றுவிடும். எல்லாம் தாண்டி லென்ஸ் வழியாக வெளியே வருவது விளக்கு கொடுத்ததில் நூற்றுக்குப் பத்துகூடத் தேறாது. விளக்கு உள்ளே எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பதை எழுதிவிட்டு, சுவருக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பதை மறைத்துவிட்டால் ஆயிரக்கணக்கில் எண் கிடைத்துவிடும். 'லைட் சோர்ஸ் லூமன்' என்ற பெயரில் அதை அச்சடிக்கவும் செய்கிறார்கள்.

மின்சாரக் கணக்கு இதை இன்னும் தெளிவாகக் காட்டும். இந்த ரகக் கருவிகள் மொத்தமாக இழுப்பதே 50-லிருந்து 100 வாட். நல்ல வெள்ளை எல்இடி ஒரு வாட்டுக்கு 100 முதல் 150 லூமன் தரும். 60 வாட்டையும் விளக்குக்கே கொடுத்தாலும் ஆறாயிரம், மிஞ்சிப்போனால் ஒன்பதாயிரம் லூமன். அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழேதான் வெளியே வரப் போகிறது. விசிறிக்கும் ஒலிபெருக்கிக்கும் உள்ளிருக்கும் கணினிக்கும் போக மிஞ்சுவதை வைத்துப் பார்த்தால், 60 வாட் இழுக்கிற எல்சிடி ப்ரொஜெக்டரின் நிஜ வெளிச்சம் சில நூறு லூமன்தான். பெட்டியின் அடியிலோ அடாப்டரிலோ வாட் அளவு எழுதியிருக்கும். விளம்பரத்தின் முதல் வரியைவிட அதை நம்பலாம்.

ஆன்சி என்பது அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம். 1992-ல் அது வகுத்த அளவுமுறை எளிமையானது, நேர்மையானது. திரை முழுக்க வெள்ளையைப் போட்டு, திரையை மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் விழுகிற வெளிச்சத்தை லக்ஸ் மீட்டரால் அளக்க வேண்டும். ஒன்பதின் சராசரியைத் திரையின் சதுர மீட்டர் பரப்பால் பெருக்கினால் லூமன். நடுவில் மட்டும் பளிச்சென்று இருந்து மூலைகளில் மங்குகிற ப்ரொஜெக்டர் இந்தக் கணக்கில் மாட்டிக்கொள்ளும். இன்று ஐஎஸ்ஓ 21118 என்ற உலகத் தரமும் ஏறக்குறைய இதே வழியில்தான் அளக்கிறது. ஆகவே பெட்டியில் ஆன்சி அல்லது ஐஎஸ்ஓ என்ற சொல் இல்லாத வெறும் 'லூமன்' எண்ணைப் பொருட்படுத்தவே வேண்டாம். சொல் இருந்தாலும் எண் சரியாக இருக்கும் என்று உறுதி கிடையாது. அமெரிக்காவில் எப்சன் நிறுவனம், லூமனைக் கூட்டிச் சொல்லி விற்றதாகப் பல போட்டி விற்பனையாளர்கள் மீது வழக்குப் போடும் அளவுக்கு இது பெரிய விவகாரமாகியிருக்கிறது.

பரப்புதான் கணக்கு

ப்ரொஜெக்டரிலிருந்து வருகிற வெளிச்சம் மாறாத அளவு. அதைச் சின்ன இடத்தில் விழவைத்தால் பளிச்சென்று இருக்கும், பெரிய இடத்தில் விரித்தால் வெளிறிப்போகும். அங்குலம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும், வெளிச்சம் நாலில் ஒன்றாகும். விளம்பரம் கடைசிவரை சொல்லாத விஷயம் இது.

எண்களாகவே பார்த்துவிடலாம். அகலத் திரை வடிவத்தில் 100 அங்குலப் படம் என்றால் கிட்டத்தட்ட 2.2 மீட்டர் அகலம், 1.25 மீட்டர் உயரம், பரப்பு 2.76 சதுர மீட்டர். உண்மையான 200 லூமனை அதில் விரித்தால், நல்ல வெள்ளைத் திரையில் கண்ணுக்குத் தெரியும் பிரகாசம் 23 நிட். அதே 200 லூமனை 80 அங்குலத்தில் விட்டால் 36 நிட். 60 அங்குலத்தில் விட்டால் 64 நிட். விளம்பரத்தில் பெருமையாகச் சொல்லப்படும் 200 அங்குலத்தில் அது வெறும் 6 நிட்.

இந்த நிட் எண்களை எதனோடு வைத்துப் பார்ப்பது? டிஜிட்டல் சினிமாவுக்கு உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட திரைப் பிரகாசம் 48 நிட். நல்ல தியேட்டரில், முழு இருட்டில், நாம் பார்ப்பது அதைத்தான். வீட்டில் இருக்கும் சாதாரண எல்இடி டிவி 250-லிருந்து 300 நிட் வரை தருகிறது. ஆகவே 200 லூமன் ப்ரொஜெக்டர் 60 அங்குலத்தில், கும்மிருட்டில், தியேட்டரைவிடப் பளிச்சென்றே இருக்கும். 80 அங்குலத்தில் கொஞ்சம் மங்கல், ஆனாலும் கண் பழகிவிடும். 100 அங்குலத்தில் தியேட்டரின் பாதிதான். தியேட்டர் அளவுப் பிரகாசத்தை 100 அங்குலத்தில் எதிர்பார்த்தால், வெள்ளைத் திரையிலேயே உண்மையான 400 லூமனுக்கு மேல் வேண்டும். சாதாரணச் சுவர் என்றால் 500 என்று வைத்துக்கொள்வது நல்லது.

"ப்ரொஜெக்டர் மங்கலா இருக்கு" என்று குறைப்படுகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் வைத்தியம் செலவில்லாதது. கருவியைச் சுவருக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள், படத்தைச் சின்னதாக்குங்கள். சுவர் முழுக்கப் படம் வேண்டும் என்ற ஆசையில்தான் பாதி ப்ரொஜெக்டர்கள் கெட்ட பெயர் வாங்குகின்றன. 65 அல்லது 70 அங்குலம் என்பது நம் வீட்டு ஹாலுக்குச் சின்னப் படமே கிடையாது. அந்த அளவில் டிவி வாங்கப் போனால் என்ன விலை என்று விசாரித்தவர்களுக்கு இது தெரியும்.

ஏழு மணி ஹால்

அடுத்தது அறை. இங்கேதான் ப்ரொஜெக்டருக்கும் டிவிக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் வெளிப்படுகிறது.

ப்ரொஜெக்டரால் கறுப்பை உண்டாக்க முடியாது. படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடத்துக்கு அது வெளிச்சத்தை அனுப்பாமல் விடுகிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் சுவர் இயல்பாக எப்படித் தெரியுமோ அதுதான் படத்தின் கறுப்பு. டியூப் லைட் எரிகிற ஹாலில் சுவர் வெள்ளையாகத் தெரிகிறது, ஆகவே கறுப்பும் வெள்ளையாகத்தான் தெரியும். டியூப் லைட் அந்தச் சுவரில் 50 லக்ஸ் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 200 லூமன் ப்ரொஜெக்டர் 100 அங்குலத்தில் போடுவது 72 லக்ஸ். படத்தின் முழு வெள்ளை 122, முழுக் கறுப்பு 50. இரண்டுக்கும் இடையில் இரண்டரை மடங்குகூட வித்தியாசம் இல்லை. முடி, புருவம், கறுப்புச் சட்டை, இரவு வானம் எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும். படத்தை 60 அங்குலமாகக் குறைத்தால் வித்தியாசம் ஐந்து மடங்காகும். செய்தியோ கார்ட்டூனோ ஓட்டலாம், சினிமா பார்க்க அப்போதும் போதாது.

இப்போது நம் வீடுகளில் மாலை ஏழு மணியை நினைத்துப் பாருங்கள். ஹாலில் விளக்கு எரிகிறது. ஒரு ஓரத்தில் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். அம்மா சமையலறைக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டே சீரியலைக் காதில் வாங்குகிறார். தாத்தாவுக்கு எட்டு மணிச் செய்தி வேண்டும். சாப்பாடு நடுவில் வருகிறது. இந்த ஹாலில் விளக்கை அணைக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. டிவியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மலிவு ப்ரொஜெக்டரை வைக்கலாம் என்ற யோசனை தோற்கிற இடம் இதுதான். வீட்டில் இருக்கும் ஒரே திரையாக இதை வாங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். 43 அங்குல டிவி ஒன்று அன்றாடத்துக்குச் செய்கிற சேவையை இதனால் செய்ய முடியாது.

ஐபிஎல் பார்க்க வாங்குகிறவர்கள் ஆட்ட நேரத்தைக் கவனிக்க வேண்டும். மாலை 7.30 ஆட்டம் ப்ரொஜெக்டருக்கு ஏற்றது. விளக்கை அணைத்துவிட்டால் பச்சை மைதானமும் வண்ணச் சட்டைகளும் மலிவுக் கருவியிலும் அழகாக வரும், ஏனென்றால் கிரிக்கெட் ஒளிபரப்பில் இருட்டான காட்சி குறைவு. மதியம் 3.30 ஆட்டம் வேறு கதை. சென்னையில் சூரியன் மறைவது வருடம் முழுக்கவே ஐந்தரைக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில்தான். அதுவரை ஜன்னல் வெளிச்சத்தோடு 200 லூமனால் போட்டி போட முடியாது. கனமான திரைச்சீலை போட்டாலும் நம் வீடுகளில் ஜன்னலுக்கு மேலே வென்டிலேட்டர் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு யாரும் திரை போடுவதில்லை. நேரே எதிர்ச்சுவரில் வெயில் விழுவது அதன் வழியாகத்தான். ப்ரொஜெக்டருக்குச் செலவழிக்க வைத்திருக்கும் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து வென்டிலேட்டருக்கும் சேர்த்துக் கறுப்புத் திரை தைப்பது, அடுத்த விலைப் படியில் உள்ள கருவியை வாங்குவதைவிட அதிகப் பலன் தரும்.

வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. 1905-ல் திருச்சியில் ரயில்வே வேலையை விட்டுவிட்டு, டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் ப்ரொஜெக்டரை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டப் புறப்பட்டார் சாமிக்கண்ணு வின்சென்ட். அவருக்குப் பின் வந்த டூரிங் டாக்கீஸ்கள் எல்லாம் மாலைக் காட்சியும் இரவுக் காட்சியும் மட்டுமே ஓட்டின. கீற்றுக் கொட்டகைக்குள் பகலில் இருட்டு கிடைக்காது. ஆகவே பொழுது சாயும்வரை ஊரே காத்திருந்தது. கொட்டகைக்காரர்களுக்குத் தங்கள் கருவியின் எல்லை தெரிந்திருந்தது.

கைப்பேசியால் அளக்கலாம்

வாங்கிய கருவி எவ்வளவு தருகிறது என்று வீட்டிலேயே அளக்கலாம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில், செல்ஃபி கேமராவுக்குப் பக்கத்தில், வெளிச்சத்தை உணரும் சென்சார் இருக்கிறது. லக்ஸ் மீட்டர் என்று தேடினால் இலவசச் செயலிகள் கிடைக்கும். ஆய்வகக் கருவி அளவுக்குத் துல்லியம் இருக்காது. ஆனால் 9,000-ஆ 180-ஆ என்று தெரிந்துகொள்ள அது தாராளமாகப் போதும்.

இரவில், எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, வெறும் வெள்ளைப் படம் ஒன்றை முழுத் திரையில் போடுங்கள். படத்தின் அகலத்தையும் உயரத்தையும் டேப்பால் அளந்து மீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியின் முதுகைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, அதன் முகம் ப்ரொஜெக்டரைப் பார்க்க, ஒன்பது கட்டங்களின் நடுவிலும் வைத்துப் படியுங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழக் கூடாது. பிறகு லென்ஸை மறைத்துவிட்டு மறுபடி ஒருமுறை படித்து, அந்த மிச்ச வெளிச்சத்தைக் கழித்துவிடுங்கள். படம் 1.77 மீட்டருக்கு 1 மீட்டர், சராசரி 102 லக்ஸ் என்று வந்தால், கருவியின் வெளிச்சம் சுமார் 180 லூமன். நடு எண்ணுக்கும் மூலை எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தையும் பாருங்கள். மூலை நடுவில் பாதிகூட இல்லையென்றால், வெள்ளைப் பின்னணியில் வரும் படங்கள் நடுவில் மட்டும் எரிகிற மாதிரி தெரியும்.

வெளிச்சம் தவிர, மூலைகளில் கூர்மை போதுமா என்று பார்க்கத் தமிழ் எழுத்தைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. தமிழ்ச் செய்திச் சேனலைப் போட்டு, அடியில் ஓடுகிற வரியைப் பாருங்கள். நடுவில் குவியத்தைச் சரியாக வைத்த பிறகு, இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் 'ண'வும் 'ன'வும் தனித்தனியாகத் தெரிகின்றனவா? மலிவு லென்ஸில் ஓரத்துக்குப் போகப்போக மூன்று சுழியும் இரண்டு சுழியும் ஒன்றாகக் குழம்பும். சப்டைட்டில் போட்டுப் படம் பார்க்கிறவர்களுக்கு இது தினமும் உறுத்தும்.

இருட்டுக் காட்சிக்கு 'கைதி'யைப் போடுங்கள். முழுக் கதையும் ஒரே இரவில் நடக்கிற 2019-ம் ஆண்டுப் படம். லாரியின் விளக்கு வெளிச்சத்துக்கு அப்பால் இருக்கும் முகங்கள் தெரிகின்றனவா, அல்லது எல்லாம் சாம்பல் கூழாகிவிடுகிறதா? திரையில் கறுப்பான இடத்தில் நகராத மங்கல் வட்டம் ஒன்று தெரிந்தால், உள்ளே எல்சிடி பலகைமேல் தூசி உட்கார்ந்திருக்கிறது. இந்தச் சோதனையைத் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்துவிட வேண்டும். கடையில் ஓடவிட்டுக் காட்டும் பாடல் காட்சிகளும் கடல்மீன் வீடியோக்களும் எந்தக் கருவியிலும் நன்றாகத்தான் இருக்கும்.

சுவர், தூரம், சீலிங் ஃபேன்

பளபளப்பில்லாத வெள்ளை எமல்ஷன் அடித்த சுவர் இருந்தால் தனியாகத் திரை வாங்க அவசரம் இல்லை. இளம்பச்சையோ ரோஜா நிறமோ அடித்த சுவர் என்றால் நடிகர்களின் முகத்தில் அந்த நிறம் ஏறும். வெள்ளை வேட்டியைக் கட்டிப் பார்க்கலாம், ஆனால் வெளிச்சத்தில் கணிசமான பங்கு துணி வழியாகப் பின்னால் போய்விடும். பிளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பக்கம் மினுங்கும், எதிரே நடுவில் உட்கார்ந்தவர் கண்ணில் ஒரு பளிச்சுப் புள்ளி அடிக்கும். கறுப்பு நன்றாகத் தெரியும் என்று சாம்பல் நிறத் திரையைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். அது வெளிச்சம் தாராளமாக இருக்கும் கருவிகளுக்கானது. 200 லூமனை வைத்துக்கொண்டு அதில் கொஞ்சத்தைத் திரையிடம் இழக்க நம்மால் முடியாது.

தூரத்துக்கு ஒரு சின்ன விதி. இந்த ரகக் கருவிகள் பலவற்றில், படத்தின் அகலத்தைப்போல் ஒன்றேகால் மடங்கு தூரம் வேண்டும். 80 அங்குலப் படத்துக்கு ஏழே கால் அடி, 100 அங்குலத்துக்கு ஒன்பது அடி. பத்துக்குப் பத்து அறையில் கட்டிலும் பீரோவும் போக ஒன்பது அடி கிடைப்பது கஷ்டம்.

கருவியைப் பக்கவாட்டில் வைத்தாலும் 'ஆட்டோ கீஸ்டோன்' எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். சரிசெய்வது நிஜம். கோணலாக விழுகிற படத்தை, எல்சிடி பலகையின் ஒரு பகுதியை மட்டும் பயன்படுத்தி நேராக்குகிறது. பயன்படாத பகுதியின் புள்ளிகளும் வெளிச்சமும் வீண். ஏற்கெனவே குறைவாக இருக்கிற இரண்டையும் இப்படிச் செலவழிக்கக் கூடாது. முடிந்தவரை சுவருக்கு நேர் எதிரே வையுங்கள்.

மேலே மாட்டலாம் என்றால் நடு ஹாலில் சீலிங் ஃபேன் நிற்கிறது. பின்சுவர்ப் பரணிலிருந்து வரும் ஒளி ஃபேன் இறக்கைகளை உரசினால் திரையில் நிழல் வெட்டிக்கொண்டே இருக்கும். ஃபேனுக்குப் பக்கத்தில் சீலிங்கில் மாட்டினால் அதன் அதிர்வில் படமே நடுங்கும். நம் ஊர் வெயிலுக்கு ஃபேனை நிறுத்தவும் முடியாது. ஃபேனைவிடத் தாழ்வாக, சோபாவுக்குப் பின்னால் ஒரு உயரமான ஸ்டூல் அல்லது ஷெல்ஃப்தான் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும்.

நான்கு பக்கமும் அடைத்த ஷெல்ஃபில் மட்டும் வைக்காதீர்கள். அறை வெப்பம் 35 அல்லது 40 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்றுதான் இவற்றின் கையேடுகளில் எழுதியிருக்கிறது. வேலூரிலும் மதுரையிலும் மே மாதத்தில் வெளியே அதைத் தாண்டிவிடுகிறது. சூடு ஏறினால் முதலில் கெடுவது போலரைசர் தாள். படத்தில் மஞ்சளாகவோ நீலமாகவோ கறை படர ஆரம்பிக்கும், அதற்கு வைத்தியம் கிடையாது. தூசி புகாதபடி மூடிய ஒளிப்பகுதி கொண்ட மாடலுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். தெருவை ஒட்டிய வீடுகளுக்கு அது அவசியம்.

'ஸ்மார்ட்' என்ற பகுதி

4கே என்று பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் 4கே வீடியோவை ஏற்கும் என்ற பொருளில்தான். பலகையில் இருக்கும் புள்ளிகள் எத்தனை என்பதே கேள்வி. 1280-க்கு 720 என்றால் சுமார் ஒன்பது லட்சம் புள்ளி, 1920-க்கு 1080 என்றால் இருபது லட்சத்துக்கு மேல். 'நேட்டிவ் ரெசல்யூஷன்' என்ற வரியைத் தேடிப் படியுங்கள். 60, 70 அங்குலத்தில் சினிமா பார்க்க 720-ஐச் சகித்துக்கொள்ளலாம், எழுத்து படிக்க 1080 வேண்டும்.

ஓடிடி விஷயத்தில் ஏமாற்றம் அதிகம். மலிவுக் கருவிகள் பலவற்றில் ஓடுவது கூகுளின் சான்று பெறாத ஆண்ட்ராய்டு. நெட்ஃப்ளிக்ஸ், பிரைம் போன்றவை படத்தை யாரும் திருடாமலிருக்க வைட்வைன் என்ற பூட்டைப் பயன்படுத்துகின்றன. அதில் எல்1 தரம் இல்லாத கருவிக்கு அவை 480பி அளவில்தான் படத்தை அனுப்பும், சில நேரம் செயலியே திறக்காது. 1080 பலகைக்குக் காசு கொடுத்துவிட்டு 480 பார்ப்பதில் என்ன பயன்?

இதைவிடக் கவலைப்பட வேண்டியது பாதுகாப்பு. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 'பேட்பாக்ஸ் 2.0' என்ற தீய மென்பொருள், மலிவான இணையக் கருவிகளில் விற்பனைக்கு முன்பே ஏற்றப்பட்டோ, முதலில் இயக்கும்போது செயலிகளோடு சேர்ந்து இறங்கியோ, வீட்டு இணைய இணைப்பைக் குற்றவாளிகளின் வழித்தடமாக மாற்றிவிடுகிறது என்றது. அந்தப் பட்டியலில் டிவி பெட்டிகளோடு டிஜிட்டல் ப்ரொஜெக்டர்களும் இருந்தன. அடுத்த மாதமே கூகுள் இதன் பின்னணியில் இருப்பவர்கள் மீது நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பாதிக்கப்பட்ட கருவிகள் ஒரு கோடிக்கும் மேல் என்றது. எல்லா மலிவு ப்ரொஜெக்டரிலும் இது இருக்கிறது என்று பொருளல்ல. ஆனால் பெயர் தெரியாத கருவியில் குடும்பத்தின் முக்கிய ஜிமெயில் கணக்கைப் போட்டு உள்ளே நுழைவதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டேன். தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள், ரவுட்டரில் விருந்தினர் வைஃபையைத் தனியாகக் கொடுங்கள். அதைவிட நல்லது, ப்ரொஜெக்டரை வைஃபையோடு இணைக்காமலே விட்டுவிட்டு, சான்று பெற்ற ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றை எச்டிஎம்ஐ துளையில் செருகுவது. ஓடிடி பூட்டுப் பிரச்சினையும் அதோடு தீரும். கேபிள், டிடிஎச் பெட்டிக்கும் அதே துளைதான். இரண்டையும் மாற்றி மாற்றிச் செருக வேண்டாம் என்றால் இரண்டு எச்டிஎம்ஐ உள்ள மாடலாகப் பாருங்கள்.

ஒலியைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. உள்ளிருக்கும் மூன்று, ஐந்து வாட் ஒலிபெருக்கி சீலிங் ஃபேன் சத்தத்துக்கே தாக்குப்பிடிக்காது. வெளி ஸ்பீக்கர் வேண்டும். புளூடூத்தில் உதடசைவும் வசனமும் பிசகுகிறது என்றால் பழைய 3.5 மில்லிமீட்டர் ஒயரைப் போடுங்கள்.

யாருக்கு இது?

வீட்டில் ஏற்கெனவே டிவி இருந்து, வாரத்தில் ஓரிரு இரவு விளக்கை அணைத்துவிட்டுச் சேர்ந்து உட்கார்ந்து படம் பார்க்கிற குடும்பத்துக்கு, உண்மையான 200 முதல் 300 லூமன் தருகிற ப்ரொஜெக்டர் மனநிறைவாக இருக்கும். தனி அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கும் அப்படியே. ஊர் மாறும்போது பையில் போட்டுக்கொண்டு போகலாம். கோடை விடுமுறையில் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் வெள்ளைச் சுவரில், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்துப் படம் போடுவதற்கு இதைவிட மலிவான வழி இல்லை. தெருவிளக்கு நேரே படாத பக்கமாகப் பார்த்துக்கொண்டால் போதும். கரன்ட் போனாலும் வீட்டு இன்வெர்ட்டர் இதை எளிதாகத் தாங்கும்.

டியூஷன் சென்டருக்கோ, பகலில் வகுப்பெடுக்கவோ வாங்குகிறவர்கள் இந்த ரகத்தைத் தொடவே வேண்டாம். அலுவலகங்கள் கழித்துக்கட்டிய, விளக்கு மாற்றக்கூடிய பழைய ப்ரொஜெக்டர்கள் 2,500, 3,000 லூமனில் பழைய பொருள் கடைகளில் கிடைக்கின்றன. மெனுவில் 'லேம்ப் அவர்ஸ்' எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்த்து, புது விளக்கின் விலையையும் விசாரித்துக்கொண்டு வாங்குங்கள். விசிறி இரையும், கறுப்பு சுமார்தான், ஆனால் பகலில் கரும்பலகைக்குப் பக்கத்தில் எழுத்து தெரியும்.

2025 செப்டம்பர் 22 முதல் ப்ரொஜெக்டர்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய விலையையே அடித்துக் காட்டித் 'தள்ளுபடி' என்கிறார்களா என்று பாருங்கள். வாங்குவதற்கு முன் விளம்பரப் பக்கத்தை, குறிப்பாக லூமன் எண்ணையும் நேட்டிவ் ரெசல்யூஷனையும், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை முடிந்ததும் அந்தப் பக்கம் மாறிவிடலாம். கருவி வந்த முதல் இரவே ஒன்பது கட்டத்தையும் அளந்துவிடுங்கள். ஆன்சி 300 என்று எழுதி 100 வந்தால், திருப்பி அனுப்புங்கள். விற்றவர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த ஸ்க்ரீன்ஷாட்டையும் ரசீதையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.